அத்தையின் டம்ளரும் மதராஸ் ஆராய்ச்சியும்

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கத் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் வயசுக்காரர்களுக்கு அது மாதாந்திரத் திருவிழா மாதிரி. பாதிப் பேர் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயசு இருக்கலாம். கையில் வயர்கூடை, கூடைக்குள் ஈரத்துணியில் சுற்றிய பீடி இலைக் கட்டு. அதற்கு மேல் அப்போதுதான் வாங்கிய மாத்திரை அட்டைகள்.

"என்னம்மா, சுகருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, டி.பி.க்கு. ஆறு மாசம் சாப்பிடணும். நாலு முடிஞ்சிட்டு."

இலை காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு ஆச்சரியம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினேன் என்பது போலச் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆச்சி ஒரே ஒரு தடவை 'எலும்புருக்கி' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அதுவும் அடுக்களையில், கதவைச் சாத்திக்கொண்டு.

புதிதாக இங்கே வாசிக்க வருபவர்களுக்காக ஒரு வரி. அப்பாவுக்கு ஊர் தென்காசி. பிழைப்புக்காகப் புதுச்சேரி போய் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். நான் படித்தது அங்கே, பிரெஞ்சு வழியில். ஒவ்வொரு பெரிய லீவுக்கும் ரயிலேறி ஆச்சி வீட்டுக்கு வந்துவிடுவோம். கோயில் கோபுரம் அப்போது இரண்டாகப் பிளந்து மொட்டையாக நிற்கும். அது கண்ணில் பட்டால் லீவு தொடங்கிவிட்டது என்று எனக்கு அர்த்தம்.

1958 லீவுக்கு வந்தபோது அத்தை வீட்டில் இல்லை. அப்பாவின் தங்கை, இருபத்தாறு வயசு, இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு, இளையவனுக்கு மூன்று. பிள்ளைகள் இரண்டும் ஆச்சியிடம் இருந்தார்கள். "அத்தை எங்கே?" என்றால் "மெட்ராஸ் பக்கம் போயிருக்கா" என்று பதில் வரும். அவள் படுத்த பாய், தலையணை, இரண்டு சேலை எல்லாம் வாய்க்கால் கரையில் எரிக்கப்பட்டதை மூத்தவள்தான் எனக்குச் சொன்னாள். அத்தையின் பித்தளை டம்ளர் மட்டும் தப்பியது. அடியில் ஆணியால் கீறி ஒரு அடையாளம் போட்டுத் தனியாக மாடக்குழியில் வைத்திருந்தார்கள்.

அத்தை ஒரு சானடோரியத்தில் பதினான்கு மாதம் இருந்தாள்.

சானடோரியம் என்பதை இந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில், டி.பி. ஒரு கிருமியால் வருவது என்று நிரூபித்துக் காட்டினார். கிருமி தெரிந்தது, மருந்து தெரியவில்லை. அதற்குப் பிறகும் அறுபது வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் கையில் முக்கியமாக இருந்தவை ஓய்வு, காற்று, நல்ல சாப்பாடு. சுவிட்சர்லாந்தில் மலை மேல் கட்டினார்கள். நம் பக்கத்தில் தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சில காலம் இருந்தார். டி.பி. என்றால் முதலில் ஆளை வீட்டிலிருந்து கிளப்பு, தூரமாகக் கொண்டுபோய்க் கிடத்து என்பதுதான் உலகம் முழுக்க வைத்தியம்.

குற்றாலத்திலும் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. மூலிகைகளைத் தொட்டு வரும் அருவித் தண்ணீரும் சாரல் காற்றும் நெஞ்சுக்கு நல்லது என்று ஒரு கட்சி. ஈரக்காற்று ஆகவே ஆகாது என்று இன்னொரு கட்சி. அத்தையை மேலகரத்தில் ஒரு வீடு பார்த்துத் தனியாக வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். கடைசியில் தூரம்தான் ஜெயித்தது. ஊர்க்காரர்கள் பார்க்காத தூரம்.

மருந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்தார். 1952-இல் நோபல் பரிசு வாத்தியாருக்கு மட்டும் கிடைத்தது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. ஸ்வீடனில் லேமன் என்பவர் பி.ஏ.எஸ். மருந்தைக் கண்டுபிடித்தார். மூன்றாவதான ஐசோநியாசிட் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை 1912-இலேயே பிராக் நகரில் இரண்டு வேதியியல்காரர்கள் தயாரித்துவிட்டார்கள். எதற்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாற்பது வருஷம் அது சும்மா கிடந்தது. 1952 வாக்கில் மூன்று கம்பெனிகள், ஒன்றுக்கொன்று தெரியாமல், இது டி.பி. கிருமியைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தன. பழைய சரக்கு என்பதால் யாராலும் காப்புரிமை வாங்க முடியவில்லை. அதனாலேயே விலை மலிவு.

நம் திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் டி.பி.யால் இறந்தார், நாற்பத்திரண்டு வயசில். ஸ்ட்ரெப்டோமைசின் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதே 1948-இல் லண்டனில், 107 நோயாளிகளை வைத்து அந்த மருந்தைச் சோதித்த புகழ்பெற்ற ஆராய்ச்சி முடிவு வெளியானது. மருந்து வாங்க இங்கிலாந்திடமே டாலர் இல்லாத காலம். எல்லாருக்கும் கொடுக்க முடியாது, ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். இன்று எந்த மருந்து வந்தாலும் சோதிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் சில மாதத்தில் கிருமி பழகிக்கொள்கிறது, இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அடுத்த ஓரிரு வருஷத்தில் தெரிந்துபோயிற்று.

ஆக, அத்தை இருமத் தொடங்கிய 1957-இல் உலகத்தில் மருந்து இருந்தது. அதைச் சேர்த்துக் கொடுக்கும் விதமும் தெரிந்திருந்தது. ஆனால் மருந்து வந்த பிறகும் பழைய வழக்கம் போகவில்லை. ஆளை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுபோய், அங்கே படுக்க வைத்து, மருந்தும் கொடுத்தார்கள். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். அத்தைக்கு இடம் கிடைக்கவே ஐந்து மாதம் காத்திருந்தோம். இடம் கிடைக்காமலே போனவர்கள்தான் அதிகம்.

அப்போது மதராஸில் ஒரு கேள்வி கேட்டார்கள். மருந்து இருக்கிறது, சரி. படுக்கை எதற்கு?

சேத்துப்பட்டில் 1956-இல் ஒரு காசநோய் மருந்தாராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஐந்து வருஷத்துக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் தற்காலிகம் என்று தொடங்குவது என்ன ஆகும் என்பது ஓய்வூதியர்களுக்குத் தெரியும். அது இன்றும் நடக்கிறது, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில். முதல் பொறுப்பாளராக லண்டனிலிருந்து வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

மதராஸின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒண்டுக் குடித்தனம், ஒரே அறை, அதில் ஐந்தாறு பேர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, பி.ஏ.எஸ்.ஸும் ஐசோநியாசிடும், தினமும், ஒரு வருஷம். சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, பால், முட்டை, நர்ஸ். வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒரு தடவை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போனார்கள். சாப்பாடு அவர்கள் வீட்டில் என்ன இருந்ததோ அது.

பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல. ஒரு நாளைக்குப் பத்து கிராம் அளவு உள்ளே போக வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். அத்தை பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள்: "சோறு தின்னது மாதிரி மாத்திரை தின்னேன்ல." வீட்டில் இருக்கிறவர்கள் இதை ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? அதையும் சும்மா நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி ஒரு ரசாயனத்தை விட்டுப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். ஆய்வகத்தின் பெருமையெல்லாம் கடைசியில் இந்தச் சீசாவில்தான் வந்து நின்றது. தெருத் தெருவாக ஏறி இறங்கிய அந்த சுகாதார ஊழியர்களின் பெயர் எங்கும் பெரிதாக எழுதப்படவில்லை. என்னைக் கேட்டால் டாக்டர்களுக்குச் சமமான பங்கு அவர்களுக்கு உண்டு.

1959-இல் ஜெனீவாவிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியிருந்தது. அவர்களில் சிலர் பாதியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியும் வந்திருந்தார்கள். ஆனால் நோய் அடங்கியதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் நோய் அடங்கி இருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது இன்னொரு கணக்கு. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றியதா? இல்லை. நோயாளியைத் தூரமாக அனுப்பிய குடும்பங்களில் எவ்வளவோ அவ்வளவுதான் இங்கேயும். தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு ஆளை விரட்டுவதில் லாபம் இல்லை.

இந்த இரண்டாவது கணக்கை நான் முதலில் படித்தது 1979-இல். அதற்குள் அப்பா காலமாகி, நாங்கள் தென்காசிக்கே வந்து, என்னுடைய பிரெஞ்சுச் சான்றிதழ் எதற்குச் சமம் என்று யாருக்கும் புரியாததால் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை பாஸாகி, மாவட்டத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். பழைய பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். கரையான் பாதி தின்ற கட்டுகளுக்கு நடுவில் அந்த அறிக்கை இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தடவல். ஆனால் பிரெஞ்சு தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் மருத்துவ வார்த்தைகள் பாதி சொந்தக்காரர்கள் மாதிரி. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், பத்துப் பதினைந்து நாளில், தொண்ணூறு பக்கத்துக்கு மேல் இருந்ததைப் படித்து முடித்தேன். குடும்பத்தாரைப் பற்றித் தனியே வந்திருந்த கட்டுரையும் அதே கட்டில் இருந்தது. அதன் அட்டவணைக்கு வந்தபோது சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

அத்தை 1959 தொடக்கத்தில் ஊர் திரும்பினாள். நோய் குணமாகிவிட்டது. இளையவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆச்சியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஆச்சியைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டான். அத்தையை, மூத்தவள் சொல்லிக்கொடுத்ததால், "மெட்ராஸம்மா" என்றான். அந்தப் பெயர் வளர்ந்த பிறகும் போகவில்லை. டம்ளரும் மாறவில்லை. எல்லாருடைய டம்ளரோடும் கலந்து வைக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், கீறல் போட்ட அந்த ஒன்றை அவளே தேடி எடுத்துக் குடிப்பாள்.

அந்த அலுவலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து டி.பி. மாத்திரைக்கு இண்டெண்ட் வரும். மூன்று பிரதி வேண்டும், கையிருப்புச் சான்று வேண்டும். ஒரு தடவை மலையடிவாரத்து நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு பிரதிதான் வந்தது. 'குறைகளை நிவர்த்தி செய்து மீள அனுப்புக' என்று எழுதித் திருப்பினேன். சரியான குறிப்புதான், கண்காணிப்பாளர்கூடப் பாராட்டினார். அது போய்த் திரும்பி, மாத்திரை அங்கே சேர இருபத்திரண்டு நாள் ஆனது. அதற்குள் வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், அதில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிராக்கில் தொடங்கி, நாற்பது வருஷம் தூங்கி, மதராஸ் வரை வந்து சேர்ந்த மருந்துக்கும் கடையம் பக்கத்துப் பீடிக்காரிக்கும் நடுவே ஒரு மேஜையைப் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையைப் படித்த பிறகு இரண்டு பிரதி வந்தால் மூன்றாவதை நானே கையால் எழுதிச் சேர்த்துவிடுவேன். விதிப்படி தப்பு. ஓய்வு பெற்றாயிற்று, இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை என்று ஆபீஸில் அடிக்கடி சொல்வோம். பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் 1963-இலேயே இதை விசாரித்துப் பார்த்திருக்கிறார்கள். கிராமத்தில் டி.பி. உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கே பெரும்பாலும் சீசாவில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்! இந்த விஷயமும் எனக்கு அந்தக் காலத்தில் தெரியாது.

மதராஸ்காரர்கள் அதோடு நிற்கவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆட்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அந்தச் சிறுநீர்ச் சீசாக்கள் காட்டின. தினமும் வேண்டாம், வாரம் இரண்டு தடவை கண் எதிரே கொடுத்தால் போதுமா என்று சோதித்து, போதும் என்று 1964-இல் வெளியிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று பெயர் சூட்டி உலகம் முழுக்கக் கொண்டுபோன முறைக்கு வேர் இதில்தான். நம் ஊரில் அங்கன்வாடி அம்மாவும் பெட்டிக்கடை அண்ணாச்சியும் நோயாளிக்கு மாத்திரை கொடுத்து விழுங்க வைத்தது நினைவிருக்கும். பிறகு ரிஃபாம்பிசின் வந்ததும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்பது ஆறு மாதமாகக் குறைந்தது. அதன் மூல மருந்து பிரான்ஸின் தென்கடற்கரையில் ஒரு பைன் காட்டு மண்ணில் கிடைத்தது. கண்டுபிடித்த இத்தாலியர்கள், அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சு அடிதடிப் படத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். சிவப்பு மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பிரெஞ்சு என்றதும் பி.சி.ஜி. ஊசியைச் சொல்லாமல் விட்டால் என் பழைய வாத்தியார் மன்னிக்க மாட்டார். நாங்கள் 'பே-சே-ஜே' என்றுதான் படித்தோம். லீல் நகரில் கால்மெத், கெரேன் என்ற இருவர் மாட்டுக்கு வரும் டி.பி. கிருமியைப் பதின்மூன்று வருஷம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். முதல் யுத்தத்தில் ஊரை ஜெர்மானியர் பிடித்தபோதும் விடவில்லை. 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சில் 'கெரீர்' என்றால் குணமாக்குவது. பெயரிலேயே குணம் இருக்கிறது பாருங்கள் என்பார் வாத்தியார். கிண்டியிலேயே 1948-இல் இதற்கு ஆய்வகம் அமைத்து நாடு முழுக்க ஊசி போட்டோம். ராஜாஜி 1955-இல் எதிர்த்து எழுதினார், யாரும் கேட்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அந்த ஊசியைச் சோதித்தார்கள். ஏழரை வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவே இல்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகையைத் தடுக்கும் என்பதால் பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்கிறது, அது சரி. ஆனால் அந்த முடிவு வந்தபோது எனக்கு வாத்தியார் முகம்தான் நினைவுக்கு வந்தது. பாரிஸில் கைதட்டு வாங்கியது செங்கல்பட்டில் தோற்றுப்போனது. அந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதை, வீட்டு வைத்திய ஆராய்ச்சிக்குச் சமமான பெருமையாகவே நான் நினைக்கிறேன்.

மதராஸ் ஆராய்ச்சியைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சானடோரியச் சாப்பாடு இல்லாமலே குணமாகிறது என்று அவர்கள் எழுதியதை, 'சாப்பாடு முக்கியமில்லை' என்று பின்னால் வந்தவர்கள் வசதியாகப் படித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டாம் அல்லவா! ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2023-இல் வெளியானது. அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. அதில் அதே சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளியைக் குணமாக்குவது ஒன்று, பக்கத்தில் படுக்கிற பிள்ளைக்கு வராமல் தடுப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அத்தை 1988-இல் மாரடைப்பால் போனாள். இளையவனுக்கு இப்போது எழுபது வயசு. பாவூர்சத்திரத்தில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த அந்த அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்படீன்னா அம்மா வீட்டுலயே இருந்திருக்கலாமா அத்தான்?"

அவன் அத்தையை "அம்மா" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இருந்திருக்கலாம்டே. ஆனா அந்த அறிக்கை 59-ல தான் வந்தது. அவளக் கொண்டுபோனது 57 கடைசியில" என்றேன்.

"ரெண்டு வருசம்" என்றான். பிறகு, டம்ளர் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது, பேத்தி அதில்தான் பால் குடிக்கிறாள் என்று சொன்னான்.